முதல் அரவை

தள்ளுவண்டிக்கு நான்கு சக்கரம் உண்டு. அதில் மூன்று நாம் சொல்கிற பக்கம் போகும், ஒன்று மட்டும் தன் இஷ்டத்துக்குத் திரும்பும். நான் அந்த சூப்பர் மார்க்கெட்டுக்கு ஏழு முறை போயிருக்கிறேன். ஏழு முறையும் வேறு வேறு வண்டி எடுத்துப் பார்த்தேன், ஏழிலும் ஒரு சக்கரம் கோணல். சாமான் வாங்க வருகிறவர்களில் ஒருவர்கூட இதை யாரிடமும் போய்ச் சொன்னதாகத் தெரியவில்லை. வண்டி இடப்பக்கம் இழுத்தால் இவர்களும் இடப்பக்கம் சாய்ந்து நடக்கிறார்கள்.

உங்களையும் அங்கே பார்த்திருக்கிறேன் ஐயா. ஒரு சனிக்கிழமை. வீட்டம்மா சீட்டைப் படித்துக்கொண்டே முன்னால் போக, நீங்கள் பின்னால் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனீர்கள். இந்தக் காவல் நிலையத்தில் உங்களைக் கண்டால் பத்துப் பேர் எழுந்து நிற்கிறார்கள். அங்கே சோப்புத் தூள் எந்த வரிசையில் இருக்கிறது என்று கேட்க உங்களுக்கு ஓர் ஆள் அகப்படவில்லை. குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை, பார்த்ததைச் சொல்கிறேன்.

நூலகத்தம்மாவின் மகள் இறந்துபோன விஷயமாகத்தான் வந்திருக்கிறேன். நீங்கள் விசாரித்து முடித்து எழுதியும் விட்டீர்கள் என்று தெரியும். இருந்தாலும் நான் சொல்ல வேண்டியது கொஞ்சம் பாக்கி இருக்கிறது. அது விளங்க வேண்டுமென்றால் அந்த சூப்பர் மார்க்கெட்டைப் பற்றியும் என் கடையைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். காப்பி வேண்டாம், தண்ணீர் போதும்.

அங்கே கதவு தானாகத் திறக்கிறது. அதையே பெரிய மரியாதை என்று நினைத்துக்கொண்டு ஜனங்கள் உள்ளே போகிறார்கள். உள்ளே குளிர், யாரும் கேட்காத பாட்டு. தக்காளியை நான்கு நான்காகத் தட்டில் வைத்து மேலே மெல்லிய தாள் சுற்றியிருப்பார்கள். மூன்று தக்காளி நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும், நான்காவது முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கும். அது ஏன் திருப்பிக்கொண்டிருக்கிறது என்பது வீட்டுக்குப் போய்ப் பிரித்தால்தான் தெரியும். ஒற்றைத் தக்காளி வேண்டுமென்றால் வழியில்லை. தனியாக வாழ்கிற ஒரு பெரியவர் அந்தத் தட்டையே வெறித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். இரண்டு அழுகிப்போகும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். கடைசியில் எடுத்துக்கொண்டுதான் போனார்.

மாதத்துக்கு ஒரு முறை எல்லாவற்றையும் இடம் மாற்றி வைப்பார்கள். போன மாதம் உப்பு இருந்த இடத்தில் இந்த மாதம் நாய் பிஸ்கட் இருக்கும். உப்பைத் தேடிப் போகிற வழியில் வேண்டாத நான்கு பொருளைப் பார்க்க வேண்டும், பார்த்தால் வாங்க வேண்டும், அதுதான் ஏற்பாடு. நாய் இல்லாத வீட்டுக்காரர் ஒருவர் நாய் பிஸ்கட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்ததை நான் கண்ணால் கண்டேன். சலுகை விலை என்று போட்டிருந்ததாம்.

சிவப்புச் சட்டை போட்ட ஒருவரிடம் எள் எங்கே என்று கேட்டேன். "இருந்தா அங்கதான் சார் இருக்கும்" என்றார். எங்கே என்று திரும்பக் கேட்டேன். "எள்ளு வைக்கற எடத்துல" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். காலையில் வந்து அந்தச் சட்டையை மாட்டுகிறார், மாலையில் கழற்றி வைத்துவிட்டுப் போகிறார். எள் அவருக்கு மாமனா மச்சானா.

பிறகு வரிசை. ஆறு கல்லா இருக்கும், இரண்டில்தான் ஆள் இருக்கும். எந்த வரிசையில் நின்றாலும் நமக்கு முன்னால் நிற்கிறவருடைய பொட்டலத்தில்தான் அந்தக் கோடு போட்ட சீட்டு கிழிந்திருக்கும். கடைசியில் நம் முறை வந்ததும் கல்லாப் பெண் முகத்தைப் பார்க்காமல் மூன்று கேள்வி கேட்பார். கார்டு இருக்கா, பை வேணுமா, தேடினதெல்லாம் கிடைச்சுதா. எள் கிடைக்கவில்லை என்றேன். "தேங்க்யூ சார்" என்றார். அந்தக் கேள்வி பதிலுக்காகக் கேட்கப்படுவதில்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அங்கே யாரும் யாரையும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. கேட்டதைக் கொடுப்பார்கள், கொடுத்ததோடு அவர்கள் பொறுப்பு முடிந்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் கடை பன்னிரண்டு அடி அகலம். முன்னால் மேடை, மேடை மேல் தராசு, எனக்குப் பின்னால் அலமாரி, அதற்கும் பின்னால் அரவை மெஷின். முப்பத்தொரு வருடமாக அந்த மேடைக்கும் அலமாரிக்கும் இடையில் இருக்கிற இரண்டடி இடத்தில் நின்றிருக்கிறேன். படியேறுகிறவரின் செருப்புச் சத்தத்தை வைத்தே எந்த டப்பாவுக்குப் போக வேண்டும் என்று என் கைக்குத் தெரியும். தையல்காரருக்குச் சர்க்கரை வியாதி. மனைவிக்குத் தெரியாமல் கிரீம் பிஸ்கட் வாங்க வருவார். நான் உப்பு பிஸ்கட்டைக் கட்டிக் கொடுப்பேன். முறைப்பார், வாங்கிக்கொண்டு போவார். டாக்டர் பேச்சைக் கேட்காத அந்த மனிதர் என் தயவில் ஆறு வருடம் கூடுதலாக உயிரோடு இருந்தார். எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன் குடும்பத்தில் சண்டை என்றால் அன்றைக்குப் புருஷனும் பெண்டாட்டியும் தனித்தனியாக வந்து ஆளுக்கு ஒரு பால் பாக்கெட் வாங்குவார்கள். இரண்டாவதாக வருகிறவரிடம் நான் பால் தீர்ந்துவிட்டது என்பேன். அன்று ராத்திரிக்குள் சமாதானம் ஆகிவிடும். இதையெல்லாம் நான் யாரிடமும் சொன்னதில்லை. இவர்களுக்குத் தங்களைப் பற்றி எதுவும் தெரியாது ஐயா. எது ஆகும், எது ஆகாது என்று எனக்குத்தான் தெரியும்.

நூலகத்தம்மா பக்கத்துத் தெருவில் இருக்கிறார். அரசு நூலகத்தில் வேலை. என்னை அண்ணா என்பார், அதனால் அந்தப் பெண் என்னை மாமா என்று கூப்பிடும். நான் அதற்கு வாயாடி என்று பெயர் வைத்திருந்தேன். கடைக்குள் கால் வைப்பதற்கு முன்பே பேச ஆரம்பித்துவிடும்.

அதற்கு மூன்று வயதாக இருந்தபோது என் கடையில்தான் அது நடந்தது. அம்மா சாமான் சொல்லிக்கொண்டிருந்தார். மேடை ஓரத்தில் யாரோ சிந்திவிட்டுப் போன வறுத்த வேர்க்கடலை ஒன்று கிடந்தது. குழந்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டது. நான் பருப்பை நிறுத்து முடிப்பதற்குள் உதடு வீங்கிவிட்டது. கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது, அழக்கூட மூச்சில்லை. அம்மா கத்திக்கொண்டே இருந்தார். நான் மேடையைத் தாண்டிக் குதித்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு மூன்று தெரு தள்ளியிருந்த டாக்டரிடம் ஓடினேன். இன்னும் ஐந்து நிமிடம் போயிருந்தால் கிடைத்திருக்காது என்று அந்த டாக்டர் சொன்னார். கடலை பட்ட கரண்டி பட்டால்கூடப் போதும் என்றும் சொன்னார். அம்மா அழுதுகொண்டிருந்ததால் அவர் அதை என்னைப் பார்த்துத்தான் சொன்னார். ஆகவே அது எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியாத விஷயமில்லை.

அதற்குப் பிறகு நான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். என் மெஷினில் கோதுமை அரைப்பேன், அரிசி அரைப்பேன், வறுத்த வேர்க்கடலையையும் பொடியாக்கிக் கொடுப்பேன். ஞாயிற்றுக்கிழமை மெஷினைப் பிரித்துத் துடைப்பேன். கல்லைத் தூரிகையால் தேய்ப்பேன். இரண்டு பிடி அரிசியை ஓட்டி அதைக் குப்பையில் கொட்டுவேன். திங்கட்கிழமை காலையில் மெஷினில் வேறு எதுவும் படுவதற்கு முன் அந்த வீட்டுக்கான கோதுமையைத்தான் முதலில் அரைப்பேன். அதை நீல மூடி போட்ட டப்பாவில் போட்டு அலமாரியில் தனியாக வைப்பேன். அதற்கென்று தனிக் கரண்டி, தனித் துணி. வாரம் தவறாமல் எட்டு வருடம். காய்ச்சலில் படுத்த வாரங்களில்கூட எழுந்து வந்து அரைத்துவிட்டுப் போய்ப் படுத்தேன். நூலகத்தம்மா ஒரு நாளும் இதைச் செய்யச் சொன்னதில்லை. நான் செய்கிறேன் என்று நானும் விலாவாரியாகச் சொன்னதில்லை. அவர் மாவு என்பார், நான் கொடுப்பேன். எட்டு வருடத்தில் அந்தப் பெண்ணுக்கு ஒரு தும்மல்கூட வந்ததில்லை.

பிறகு அந்த சூப்பர் மார்க்கெட் வந்தது. முதல் மாதத்திலேயே தெருவில் பாதிப் பேர் அங்கே போய்விட்டார்கள். அதற்கு நான் அலட்டிக்கொள்ளவில்லை. போனவர்கள் போகட்டும், எனக்கும் என் மனைவிக்கும் எவ்வளவு வேண்டியிருக்கிறது. வியாபாரம் குறைந்த வயிற்றெரிச்சல் என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

நூலகத்தம்மா மற்றவர்களைப் போல் சொல்லாமல் கொள்ளாமல் நழுவவில்லை. நேரில் வந்தார். அந்த மட்டில் நாகரிகமான பெண்தான்.

"அண்ணா, கோச்சுக்காதீங்க. அங்க எல்லாப் பொட்டலத்துலயும் எழுதியிருக்காங்க. எதுல கடலை இருக்கு, எதைக் கடலை அரைக்கற ஃபேக்டரில அரைச்சாங்கன்னு எல்லாமே. இவளும் வளர்றா. நாளைக்கு இவளே படிச்சுப் பார்த்து வாங்கப் பழகணும்ல?"

"சரிம்மா" என்றேன்.

"உங்க மேல நம்பிக்கை இல்லாம இல்லண்ணா. உங்களுக்கும் வயசாகுது. என்னைக்காவது ஒரு நாள் கை தவறிடுச்சுன்னா நீங்களே தாங்க மாட்டீங்க."

சரிம்மா என்று மறுபடியும் சொன்னேன். அவர் போன பிறகு அலமாரியில் இருந்த நீல மூடியைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். கை தவறிவிடுமாம். எட்டு வருடம் தவறாத கைக்கு எதிரில், பார்த்தே இராத ஒரு ஊரில், முகம் தெரியாத எவனோ அச்சடித்த நான்கு வரி ஜெயித்துவிட்டது. புத்தகத்துக்கு நடுவிலேயே உட்கார்ந்திருக்கிறவர் இல்லையா, அச்சில் இருந்தால்தான் நம்புவார்.

நான் அங்கே ஏழு முறை போனதாகச் சொன்னேன் அல்லவா. மூன்று முறை அவர்களைப் பார்த்தேன். அம்மா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பொட்டலத்தைக் கண்ணுக்குக் கிட்டே பிடிப்பார். எழுத்து அவ்வளவு பொடி. பெண் பக்கத்தில் நின்று சத்தமாகப் படிக்கும். "வேர்க்கடலையின் சுவடுகள் இருக்கலாம்." வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார்கள். அதிலும் இருக்கலாம். ஒரு பிஸ்கட் வாங்க இருபது நிமிடம். இருக்கலாம் என்று எழுதிவிட்டால் அவர்கள் வேலை முடிந்தது, அதற்கு மேல் வாங்குகிறவர் பாடு. நான் அந்த வீட்டுக்கு ஒரு நாளும் இருக்கலாம் என்று சொன்னதில்லை. இருக்கிறது என்பேன், அல்லது இல்லை என்பேன். என் கண் முன்னாலேயே அந்த இரண்டு பேரும் இருக்கலாமை நம்பி நின்றுகொண்டிருந்ததைப் பார்த்தபோது எனக்கு அவர்கள் மேல் இருந்த மதிப்பு போய்விட்டது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

ஆனால் திங்கட்கிழமை அரவையை நான் நிறுத்தவில்லை. பழைய மாவை மற்றவர்களுக்கு விற்கிற பொது மூட்டையில் கொட்டிவிட்டு நீல மூடி டப்பாவில் புது மாவு நிரப்புவேன். என் மனைவிக்கு இது பொறுக்கவில்லை.

"யாருக்குங்க இத நெரப்புறீங்க?"

"அவங்களுக்குத்தான்."

"அவங்கதான் வர்றதே இல்லையே."

"வருவாங்க."

"வந்தா அப்ப அரைச்சுக் குடுத்தா ஆச்சு. வாராவாரம் முதுகு ஒடிய அந்தக் கல்லத் தேய்க்கணும்னு என்ன வேண்டுதலா?"

அவள் சொன்னதில் தப்பில்லை. அவளும் அங்கே போய்த் துணி சோப்பு வாங்கி வந்து அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள். எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரியாது.

அந்த நாட்களில் என் கடைக்கு வந்தவர்கள் மறதிக்காரர்கள் மட்டும்தான். சனிக்கிழமை சூப்பர் மார்க்கெட்டுக்குப் போய் ஆறு பை நிறைய வாங்குவார்கள். வீட்டுக்குத் திரும்புகிற வழியில் ஏதோ விட்டுப்போனது ஞாபகம் வரும். என் வாசலில் காரை நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல், ஒரு தீப்பெட்டி என்பார்கள், ஒரு எலுமிச்சம்பழம் என்பார்கள். பின் சீட்டில் இருக்கிற ஆறு பையை நான் பார்க்கக் கூடாதென்று சிலர் துண்டு போட்டு மூடியிருப்பார்கள். சிலர் அவமானத்தில் தேவைக்கு மேல் பேசுவார்கள். "உங்க கடை மாதிரி வராதுங்க" என்பார்கள். நான் எலுமிச்சம்பழத்தைக் கொடுத்துவிட்டு அவர்கள் முகத்தைப் பார்ப்பேன். முப்பத்தொரு வருடம் இந்த ஜனங்களின் வயிற்றுக்குக் காவல் இருந்தோமே என்று நினைத்தால் சிரிப்புதான் வந்தது.

பதினொரு வாரம் கழித்து, ஒரு புதன்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்கு நூலகத்தம்மா வந்தார். கை நிறையப் பை. மூச்சு வாங்கியது.

"அண்ணா, நல்லவேளை இருக்கீங்க. கேக்குக்கு மாவு வேணும், ஒரு கிலோ. நாளைக்கு இவளுக்குப் பொறந்த நாள், கிளாஸ்ல எல்லாருக்கும் கேக் வேணும்னு ஒரே பிடிவாதம்."

ஏன் அங்கே மாவு இல்லையா என்று கேட்டேன். வாய்விட்டுச் சிரித்தார்.

"அந்தக் கூத்த ஏன் கேக்கறீங்க. பின்னாடி எழுதியிருக்கறதப் படிச்சுக்கிட்டே திரும்பி, பாக்கெட்ட வேற யாரோட வண்டியிலயோ போட்டுட்டேன் போல. வர்ற வழியில பார்த்தா நம்ம பையில இல்ல. திரும்பப் போய் அந்த வரிசையில நிக்க எனக்குத் தெம்பில்லண்ணா."

இதைத்தான் அவர் என்னை விட்டுப் போய்க் கற்றுக்கொண்ட ஜாக்கிரதை என்பது. அடுத்தவர் வண்டியில் மாவைப் போடுகிற அளவுக்குக் கவனமாகப் படித்திருக்கிறார்.

நீல மூடி டப்பா என் இடது முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. அன்றைக்கு இரண்டு நாளைக்கு முன் அரைத்த மாவு. மெஷின் வாய்க்குக் கீழே பொது மூட்டை இருந்தது. அன்று பிற்பகல் மூன்று மணிக்கு பேக்கரிக்காரருக்கு இரண்டு கிலோ வறுத்த வேர்க்கடலையைப் பொடியாக்கிக் கொடுத்துவிட்டு, துடைக்காமல் அப்படியே கோதுமையை ஓட்டியிருந்தேன். பொது மூட்டைக்கு அப்படித்தான் வழக்கம், அது ஆகாத வீடு அந்த வட்டாரத்தில் ஒன்றுதான். இரண்டுக்கும் நடுவில் நான் நின்றேன். யோசிக்கவெல்லாம் இல்லை. ஒரு விஷயம் மட்டும் தெளிவாக இருந்தது. அவர் சூப்பர் மார்க்கெட் ஆள். சூப்பர் மார்க்கெட் ஆளுக்கு சூப்பர் மார்க்கெட் கொடுக்கிற மரியாதையைக் கொடுக்க வேண்டும். வந்தவர் யார், வீட்டில் யாருக்கு எது ஆகாது என்பதெல்லாம் கடைக்காரனுக்குத் தெரிய வேண்டியதில்லை. மாவு கேட்டார், மாவு கொடுக்கலாம்.

மூட்டைக்குப் போய் ஒரு கிலோ அள்ளி வெள்ளைத் தாள் பையில் போட்டேன். நிறுத்தேன். மடித்து ஒட்டினேன்.

"பை வேணுமா?" என்று கேட்டேன். எட்டு வருடத்தில் அவரிடம் நான் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

வேண்டாம் என்றார். பொட்டலத்தைக் கையில் வாங்கியதும் பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். அங்கே எழுத்து எதுவும் இல்லை. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"பழக்க தோஷம் பாருங்க. இங்க என்னத்தப் படிக்கறது, நீங்கதான் இருக்கீங்களே" என்றார்.

இதே பேச்சைப் பதினொரு வாரத்துக்கு முன்னால் பேசியிருக்கலாம். அப்போது பேசியிருந்தால் அதற்கு ஒரு மதிப்பு இருந்திருக்கும். வேறு ஏதாவது வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். அன்றைக்கு ஏழரைக்கு வழக்கம்போலக் கடையைச் சாத்தினேன்.

மறுநாள் நடந்தது உங்களுக்கே தெரியும். பத்தே முக்காலுக்கு வகுப்பில் கேக் வெட்டியிருக்கிறார்கள். கடலை பட்டால் உடனே போட வேண்டிய ஊசி மருந்து அம்மாவின் கைப்பையில் இருந்தது, கைப்பை நூலகத்தில் இருந்தது. எட்டு வருடமாக எதுவும் நடக்காததால் பள்ளிக்கூடத்தில் ஒன்று கொடுத்து வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றாததற்குக் காரணமும் ஒருவகையில் நான்தான். மதியம் என் மனைவி தலையில் அடித்துக்கொண்டு வந்து சொன்னாள். நான் கடைக் கதவைப் பாதி இறக்கினேன்.

நீங்கள் வந்தீர்கள். மூட்டையிலிருந்து மாவு எடுத்துக்கொண்டு போனீர்கள். மெஷினில் அன்றைக்கு என்னவெல்லாம் அரைத்தேன் என்று கேட்டீர்கள், ஒன்று விடாமல் சொன்னேன். "தெரியாம கலந்துடுச்சாய்யா?" என்று கேட்டீர்கள். நான் பதில் சொல்வதற்குள் என் மனைவி உங்கள் காலில் விழுந்தாள். நீங்களும் நல்ல மனிதர், மேலே கேட்கவில்லை. நீல மூடி டப்பாவைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அது உங்களுக்கு நேர் எதிரில்தான் இருந்தது.

அதற்குப் பிறகு நடப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. தெருவில் எல்லோரும் என்னைப் பார்த்துத் தலையைச் சாய்த்துப் பேசுகிறார்கள். வயதாகிவிட்டது பாவம் என்கிறார்கள். சின்னக் கடைகளில் சுத்தம் எங்கே இருக்கிறது என்கிறார்கள். நாய் இல்லாமல் நாய் பிஸ்கட்டைத் தடவிப் பார்த்த மனிதர் என்னிடம் வந்து, இனிமேல் கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள் என்று புத்தி சொல்லிவிட்டுப் போகிறார். நான் கேட்டுக்கொண்டு நிற்கிறேன்.

நேற்று நூலகத்தம்மா வந்தார். கடை பூட்டியிருந்ததால் வீட்டுக்கே வந்தார். ஆள் பாதியாக இளைத்துப்போயிருந்தார். என் மனைவி அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவர் என் எதிரில் உட்கார்ந்தார்.

"உங்கள நான் ஒண்ணும் சொல்ல மாட்டேண்ணா. கேட்டிருக்கணும், நான் கேக்கல. எட்டு வருஷம் கண்ணா பார்த்துக்கிட்டீங்க. ஒரு நாள் கை தவறிடுச்சு. நீங்க மனசு ஒடைஞ்சு போயிடாதீங்க."

என்னை மன்னிக்க வந்திருக்கிறார். எதற்காக மன்னிக்கிறார் என்று பாருங்கள். அவர் அன்றைக்குச் சொன்னதுதான் நடந்தது என்று இப்போது உறுதியாக நம்புகிறார். சாகிறவரையில் அப்படியே நம்பிக்கொண்டிருப்பார். அவர் போன பிறகு நீங்கள் எழுதிய காகிதத்தின் நகலை எடுத்துப் படித்தேன். கடைக்காரரின் கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குக் கீழே என்னைக் கையெழுத்தும் போட வைத்திருக்கிறீர்கள். ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை ஐயா. முப்பத்தொரு வருடத்துக்குக் கிடைத்த பெயர் அது.

அந்த வார்த்தையை அடித்துவிடுங்கள் என்று கேட்கத்தான் வந்தேன். மூட்டை எது, டப்பா எது என்று நான் சொன்னது போதாது, அவசரத்தில் மாறியிருக்கும் என்று உங்கள் பக்கத்தில் எழுதிக்கொண்டிருக்கிறவர் நினைக்கிறார், அவர் முகத்தில் தெரிகிறது. அதனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள். இது யாருக்கும் தெரியாது, என் மனைவிக்கும் தெரியாது.

அந்த வியாழக்கிழமை காலை எட்டேகாலுக்கு அந்தப் பெண் என் கடைக்கு வந்தது. புதுச் சட்டை போட்டிருந்தது. கையில் அட்டைப் பெட்டி. அதை மேடை மேல் வைத்து மூடியைத் திறந்தது. ஓரத்தில் ஒரு துண்டு தனியாக வெட்டி வைத்திருந்தார்கள்.

"மாமா, உங்களுக்குத்தான் மொதல் துண்டு. நம்ம மாமா மாவுல பண்ணது, அவருக்குக் குடுத்துட்டுப் போன்னு அம்மா சொன்னாங்க."

"நீ சாப்ட்டியா?" என்று கேட்டேன்.

"இல்ல மாமா. கிளாஸ்ல எல்லாரோடயும் சேர்ந்துதான் சாப்பிடணும். அதுவரைக்கும் விரல்கூட வைக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்."

பெட்டி மேடை மேல் திறந்தபடி இருந்தது. கடையில் வேறு யாரும் இல்லை. எனக்கு எந்த அவசரமும் இல்லை. நான் அந்தத் துண்டை எடுத்துச் சாப்பிட்டேன். அது என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது.

"நல்லா இருக்கா மாமா?"

"நல்லா இருக்கும்மா" என்றேன். பொய் இல்லை, சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல்.

மூடியை நானே மூடி, பெட்டி சாயாமல் இருக்க அடியில் கை கொடுத்து அதன் கையில் தூக்கிக் கொடுத்தேன். பேசிக்கொண்டே படியிறங்கியது. பள்ளிக்கூடம் சாலைக்கு அந்தப் பக்கம், அந்த நேரத்தில் வண்டிகள் கண்மண் தெரியாமல் வரும். நான் வாசல் வரை போய், இரண்டு பக்கமும் பார்த்துப் போம்மா என்று சொல்லி, அது பத்திரமாகச் சாலையைக் கடக்கிற வரை நின்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன். அந்தக் குழந்தை விஷயத்தில் எனக்கு ஒரு நாளும் கவனம் குறைந்ததில்லை.